இடம் மாறினால் இலை கொட்டும் மரம்

இடம்பெயர்ந்து வாடகை வீட்டிலோ உறவினர் வளவிலோ இருக்கின்ற விவசாயக் குடும்பங்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் ஆலோசனை, கீரை, மிளகாய், கத்தரி போன்றவற்றைச் சாக்கிலும் பழைய வாளியிலும் நடுங்கள் என்பதாகும். அது சரியான ஆலோசனை. அதை முதலில் செய்யுங்கள். இக்கட்டுரை அதற்கு அடுத்தபடியான ஒன்றைப் பற்றியது. சமைக்க உதவாத, ஆனால் விற்கக் கூடிய ஒரு மரத்தைப் பற்றியது.

வங்கிகள், விடுதிகள், மணமண்டபங்கள் முதலியவற்றின் உள்ளே பெரிய சாடிகளில் சிறிய பளபளப்பான இலைகளோடு கிளைகளைத் தாழ்த்தியபடி நிற்கின்ற ஒரு மரத்தை நீங்கள் கண்டிருப்பீர்கள். பூங்கன்று விற்பவர்கள் அதனைப் 'பைக்கஸ்' என்பர். வெளிநாட்டில் உள்ள உறவினர்கள் அனுப்பும் படங்களில், வரவேற்பறையின் மூலையில் நிற்பதும் பல வேளைகளில் இதுதான். இதனைப் பதியம் வைத்து வளர்ப்பது கடினமல்ல. கடினம் பின்னர் தான் வருகிறது. வாங்கிச் சென்றவர் இரண்டு கிழமையில் திரும்பி வந்து, "இலை எல்லாம் கொட்டிப் போச்சு, செத்த மரத்தைத் தந்திட்டீங்கள்" என்பார். மரம் சாகவில்லை என்பதையும், இலை ஏன் கொட்டியது என்பதையும் வளர்ப்பவர் அறிந்திருந்தால் அந்தச் சண்டைக்கு இடமில்லை. அறியாவிட்டால் ஒரு வருட உழைப்பும் கெட்ட பெயருமே மிஞ்சும்.

இது என்ன மரம்?

ஆல், அரசு, அத்தி, இத்தி ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்தது. தாவரவியற் பெயர் பைக்கஸ் பெஞ்சமினா. தமிழில் வெள்ளால் என்பர். ஆங்கிலேயர் இதற்கு 'அழுகின்ற அத்தி' என்று பெயர் வைத்தனர். கிளை நுனிகள் தலை கவிழ்ந்து தொங்குவதே அதற்குக் காரணம்; வேறு துக்கம் எதுவுமில்லை. இந்தியா தொடக்கம் தென்கிழக்காசியா வழியாக அவுஸ்திரேலியாவின் வடபகுதி வரை இயற்கையாக வளர்வது. பாங்கொக் நகரம் இதனைத் தன் நகர மரமாகக் கொண்டுள்ளது. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பெரும் புல்வெளியில், குடை விரித்தாற்போல் கிளை பரப்பி நிற்கும் யாவா அத்தி என்னும் பெருமரமும் இதே இனந்தான். அதன் அடியில் நின்று பார்த்தவர்களுக்கு, சாடியில் இருப்பது எவ்வளவு பெரிய மரத்தின் குழந்தை என்பது விளங்கும். இந்த விடயத்தைப் பின்னர் மீண்டும் பார்ப்போம்.

இலை ஏன் கொட்டுகிறது?

மிளகாய் நாற்றையும் புகையிலை நாற்றையும் நீங்கள் மேடையில் நிழலிட்டு வளர்த்து, பின் நிழலைச் சிறிது சிறிதாக நீக்கி, தண்ணீரைக் குறைத்து, வெயிலுக்குப் பழக்கிய பின்னரே தோட்டத்தில் நடுவீர்கள். நாற்றை வன்மைப்படுத்துதல் என்று விவசாயப் போதனாசிரியர்கள் சொல்வது இதைத்தான். இந்த மரத்துக்கும் அதே பழக்கம் வேண்டும். ஆனால் திசை மறுபக்கம். இதனை வெயிலிலிருந்து இருட்டுக்குப் பழக்க வேண்டும்.

எமது கண் ஏமாற்றும். வீட்டின் உள்ளே நல்ல வெளிச்சம் இருப்பதாகவே எமக்குத் தோன்றும். உண்மையில் நண்பகல் வெயிலின் ஒளியை நூறு பங்காக்கினால், வீட்டின் நடு அறையில் அதில் ஒரு பங்கு கூட இராது. யன்னல் ஓரத்தில் சில பங்கு இருக்கலாம். கண்மணி விரிந்து கொடுப்பதனால் நாம் இந்த வேறுபாட்டை உணர்வதில்லை. இலைக்கு அவ்வாறு விரிந்து கொடுக்க வழியில்லை.

வெயிலில் வளர்ந்த வெள்ளாலின் இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். சிறியது, தடித்தது, சற்று வெளிறியது. நடு நரம்பின் வழியே மேல்நோக்கி மடிந்திருக்கும். நிழலில் வளர்ந்த இலை பெரியது, மெல்லியது, கரும்பச்சை, தட்டையாக விரிந்திருக்கும். ஒரே மரம் ஒளிக்கு ஏற்ப இருவகை இலைகளைச் செய்கிறது. வெயில் இலை நிறைய உழைக்கும். ஆனால் தான் உயிர் வாழவும் நிறையச் செலவழிக்கும். அதை இருண்ட அறைக்குள் கொண்டு வந்தால் அதன் வரவு செலவை விடக் குறைந்து விடுகிறது. வருமானம் இல்லாத இலையை மரம் வைத்திருப்பதில்லை, கழற்றி விடுகிறது. தண்டிலும் வேரிலும் சேமித்த உணவைக் கொண்டு, புதிய ஒளிக்குப் பொருத்தமான மெல்லிய இலைகளைச் செய்யத் தொடங்குகிறது. இதற்குச் சில கிழமைகள் செல்லும். ஆகவே கொட்டுவது நோயல்ல, இலை மாற்றம்.

அந்தச் சில கிழமைகளில் தான் மனிதர் மரத்தைக் கொல்கிறார்கள். இலை கொட்டுகிறதே என்று தண்ணீரை இரட்டிப்பாக ஊற்றுவார்கள். இலை குறைந்த மரம் குறைவாகவே தண்ணீர் குடிக்கும். மிச்சம் சாடியில் நின்று வேரை அழுகச் செய்யும். சிலர் யூரியா போடுவார்கள். வேறு சிலர் இன்று இந்த மூலை, நாளை அந்த மூலை என்று தூக்கித் திரிவார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் மரம் மறுபடி கணக்குப் பார்க்க வேண்டி வரும். ஓரிடத்தில் வைத்து, கை வைக்காமல் விடுவதே இதற்குச் சிறந்த வைத்தியம். மரம் உயிரோடு இருக்கிறதா என்று சந்தேகமானால் ஒரு சிறு கிளையின் பட்டையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையும் பாலும் இருந்தால் உயிர் உண்டு. கபில நிறமாக உலர்ந்திருந்தால் அந்தக் கிளையை மட்டும் வெட்டிவிட்டு, கீழே பச்சை காணும் வரை போகலாம்.

அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தின் செடி வளர்ப்போருக்கும் இதே தலைவலி இருந்தது. திறந்த வெயிலில் விரைவாக வளர்த்த மரங்கள் வட மாநிலங்களின் அலுவலகங்களுக்குப் போனதும் மொட்டையாகின. 1970களில் அங்குள்ள பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்த தீர்வு எளியது: விற்பதற்கு முன்னரே மரத்தை நிழலில் வளர்த்து, பசளையையும் தண்ணீரையும் குறைத்து, நிழல் இலையைச் செய்ய வைத்து விடுவது. அவர்களுக்குக் கறுப்பு நிழல் வலை இருந்தது. எங்களுக்குக் கிடுகு இருக்கிறது, பனையோலை இருக்கிறது, மாமர நிழலும் இருக்கிறது.

செய்யும் முறை இது. கன்று விற்கும் உயரத்தை அடைந்ததும், வெயில் புள்ளி புள்ளியாக விழக்கூடிய ஐதான கிடுகுப் பந்தலின் கீழ் ஒரு மாதம் வையுங்கள். பின் கிடுகை நெருக்கி இன்னும் ஒன்று அல்லது இரண்டு மாதம் விடுங்கள். நிழலின் அளவை அறிய வெள்ளைத் தாள் ஒன்றை வைத்து, அதற்கு ஒரு முழ உயரத்தில் கையைப் பிடியுங்கள். நிழல் விளிம்பு கூராக விழுந்தால் ஒளி இன்னும் அதிகம். கையின் உருவம் மங்கலாகத் தெரிந்தால் இந்த மரத்துக்கு ஏற்ற நிழல். நிழலே தெரியாவிட்டால் அங்கே எந்த மரமும் நெடுநாள் நில்லாது. வாங்குபவர் வீட்டிலும் இதே சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். யன்னலில் இருந்து ஓரிரு முழத்துக்குள் வைக்கும்படியும், குளிரூட்டியின் காற்று நேரே படும் இடத்தில் வைக்க வேண்டாமென்றும் சொல்லுங்கள். சில இலைகள் எப்படியும் விழும் என்பதை விற்கும்போதே சொல்லிவிடுவது நல்லது. முன்கூட்டிச் சொன்னால் அது அறிவுரை. பின்பு சொன்னால் அது சாக்குப்போக்காகவே கேட்கும்.

கன்று உண்டாக்குதல்

நகரத்தில் யாருடைய வேலியிலாவது வளர்ந்த மரம் இருக்கும். வெட்டிக் கழிக்கும்போது கேட்டால் தருவார்கள். பென்சில் அளவு தடித்த, முற்றியும் முற்றாத கிளை நுனிகளை ஆறு அங்குல நீளத்தில் வெட்டுங்கள். வெட்டுவாயில் பால் வடியும். தண்ணீரில் கழுவிச் சிறிது நேரம் நிழலில் உலர விடுங்கள். கீழ் இலைகளை நீக்கி, மேலே இரண்டு மூன்றை மட்டும் விட்டு, ஈர மணலும் தும்புத்தூளும் சம அளவில் கலந்த பையில் நட்டு, மேலே ஒளி புகும் பொலித்தீன் உறையால் மூடி நிழலில் வையுங்கள். ஒரு மாதம் முதல் ஆறு கிழமைக்குள் வேர் விடும். இழுத்துப் பார்க்க வேண்டாம். புதுத் துளிர் வந்தால் போதும்.

விரைவில் பெரிய கன்று வேண்டுமானால் மாதுளைக்கும் தேசிக்கும் செய்வது போல மரத்திலேயே பதி வைக்கலாம். ஓர் அங்குல அகலத்துக்கு வளையமாகப் பட்டையை நீக்கி, ஈரத் தும்பை வைத்துப் பொலித்தீனால் இறுக்கிக் கட்டுங்கள். உறைக்குள் வேர் தெரிந்ததும் கீழே வெட்டி நடலாம். மூன்று மெல்லிய கன்றுகளை ஒரே சாடியில் நட்டு, தண்டு இளசாக இருக்கும்போதே சடை பின்னுவது போலப் பின்னி விட்டால் அவை நாளடைவில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வீட்டுப் பிள்ளைகள் இந்த வேலையை விருப்பத்தோடு செய்வார்கள். இப்படிப் பின்னிய மரத்துக்கு விலையும் அதிகம் கேட்கலாம். வெள்ளை ஓரம் கொண்ட இலை வகையும் உண்டு. அதற்குக் கூடுதல் ஒளி வேண்டும், வளர்ச்சியும் மெதுவானது. அதில் முழுப் பச்சைக் கிளை கிளம்பினால் உடனே வெட்டி விடுங்கள்; இல்லாவிட்டால் அதுவே மரத்தை மேவி விடும்.

சாடிக்குச் செம்பாட்டு மண் மட்டும் போட்டால் நாளடைவில் இறுகிவிடும். மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்கு உக்கிய கூட்டெரு ஒரு பங்கு, கிடைத்தால் கொஞ்சம் தும்புத்தூள். பாத்திரம் எதுவாகவும் இருக்கலாம், வர்ண வாளி, எண்ணெய்ப் பேணி, உடைந்த குடம். ஆனால் அடியில் துளை இல்லாத பாத்திரத்தில் நட வேண்டாம். துளையற்ற அழகான சாடி வேண்டுமென்று வாங்குபவர் கேட்டால், துளையுள்ள சாடியோடு அதற்குள் இறக்கி வைக்கச் சொல்லுங்கள்.

தண்ணீர்

நடுவிரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். முதற் கணு வரை உலர்ந்திருந்தால், அடித்துளையால் வடியும்வரை ஊற்றுங்கள். ஈரமாக இருந்தால் விட்டு விடுங்கள். நாள் கணக்கு வைத்து ஊற்றுவது தவறு. வெளியில் நின்ற காலத்தில் தினமும் கேட்ட மரம் உள்ளே வந்ததும் கிழமைக்கு ஒரு முறையோடு நின்றுவிடலாம். தட்டில் தேங்கிய நீரை அரை மணி நேரத்தில் ஊற்றி விடுங்கள்.

விழும் இலையும் பேசும். மஞ்சளாகி விழுந்து, மண்ணிலும் புளித்த மணம் வந்தால் தண்ணீர் கூடிவிட்டது. மொறுமொறுப்பாக உலர்ந்து விழுந்தால் குறைந்துவிட்டது. பச்சையாகவே விழுந்தால் பெரும்பாலும் இடமாற்றந்தான்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் கிணற்று நீர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சுண்ணாம்புக்கல்லின் ஊடாக வருவதனாலும், கரையோரங்களில் உவர் கலப்பதனாலும், அந்த நீரை ஊற்ற ஊற்றச் சாடியின் விளிம்பில் வெள்ளைப் படிவு ஏறும். இலை ஓரம் கருகும். நிலத்தில் மாரி மழை உப்பைக் கழுவிச் செல்லும். வீட்டுக்குள் இருக்கும் சாடிக்கு மழை இல்லை. ஆகையால் மாதம் ஒரு முறை மரத்தை வெளியே நிழலில் வைத்து, சேமித்த மழைநீரையோ நல்ல தண்ணீரையோ சாடியின் கொள்ளளவைப் போல் இருமடங்கு மெதுவாக ஊற்றி வடிய விடுங்கள். வீட்டில் குடிநீரே சுமந்து வரும் நிலையானால் இந்தத் தொழிலை மழைக்காலம் வரை ஒத்திப் போடுங்கள். மரத்துக்காகப் பெண்களும் பிள்ளைகளும் இன்னொரு குடம் சுமக்க வேண்டியதில்லை.

பசளை அதிகம் தேவைப்படாது. வெளியில் வளரும் போது மாதம் ஒரு முறை மாட்டெருக் கரைசல். உள்ளே போனபின் மூன்று நான்கு மாதத்துக்கு ஒன்றும் வேண்டாம்.

பூச்சிகளுள் செதிற்பூச்சியும், பஞ்சு போல் ஒட்டியிருக்கும் வெண்மூட்டுப்பூச்சியும் முக்கியமானவை. இலை பிசுபிசுப்பதும் எறும்பு ஏறுவதும் அவற்றின் அடையாளம். சவர்க்கார நீர் தோய்த்த துணியால் இலையின் இருபுறமும் துடைத்துப் பின் நல்ல நீரால் கழுவுங்கள். ஒரு கிழமை விட்டு மறுபடி செய்யுங்கள். இளம் இலைகள் நடு நரம்பில் மூடியபடி மடிந்து செம்புள்ளிகளோடு இருந்தால் உள்ளே பனிப்பூச்சி இருக்கும். மருந்து உள்ளே போகாது. அந்த இலைகளைப் பறித்து எரிப்பதே வழி. இந்த மரத்தின் பால் சிலருக்குத் தோலில் கடியை உண்டாக்கும். தொய்வு உள்ளவர்களுக்கு இலையில் படியும் தூசும் பாலும் சேர்ந்து இளைப்பைத் தூண்டக் கூடும். அப்படியானவர் உறங்கும் அறையில் இதனை வைக்கக் கூடாது. வெட்டும்போது பால் கண்ணில் படாமல் பார்த்துக் கொள்ளுங்கள்.

விற்பனை

நாற்பது கன்று உண்டாக்கிவிட்டுச் சந்தையைத் தேடாதீர்கள். பத்துடன் தொடங்குங்கள். அதற்கு முன் பக்கத்து நகரத்தில் பூங்கன்று விற்கும் இரண்டு மூன்று இடங்களுக்குப் போய் எந்த உயரம் போகிறது, என்ன விலைக்கு எடுப்பார்கள், சாடியோடா பையோடா என்று கேளுங்கள். வெட்டுத்துண்டு முழங்கால் உயரம் வர ஒரு வருடம் வரை செல்லலாம் என்பதையும் கணக்கில் எடுங்கள். உடன் பணம் தேவைப்படும் குடும்பத்துக்கு இது ஏற்றதல்ல.

விற்பதை விட வாடகைக்கு விடுவது சில இடங்களில் கூடுதல் பயன் தரும். பெரிய நகரங்களில் இது வழக்கத்தில் உள்ள தொழில். இரண்டு தொகுதி மரங்கள் வைத்திருந்து, ஒரு தொகுதி அலுவலகத்திலோ மண்டபத்திலோ நிற்க, மற்றத் தொகுதி உங்கள் கிடுகுப் பந்தலில் தேறும். மாதம் ஒரு முறை மாற்றி வைக்கலாம். இரண்டு இடத்திலும் நிழல் ஏறத்தாழ ஒரே அளவாக இருந்தால் இலை கொட்டாது.

இந்த மரம் அறைக் காற்றைச் சுத்தமாக்கும் என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா 1989இல் மூடிய பெட்டிகளுக்குள் சாடிச் செடிகளை வைத்துச் செய்த சோதனையிலிருந்து இந்தக் கதை பரவியது. 2019இல் இத்தகைய ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டவர்கள், யன்னல் வழியே வந்து போகும் காற்றின் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால் ஒரு சதுர மீற்றர் நிலத்துக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வரை தேவைப்படும் எனக் கண்டனர். நீங்கள் அந்தப் பொய்யைச் சொல்லி விற்க வேண்டாம். பார்வைக்கு அழகானது என்பதே போதுமான காரணம்.

நிலத்தில் நடலாமா?

காணி திரும்பக் கிடைத்தவர்கள் இந்த மரத்தை ஆசையோடு வீட்டு முற்றத்தில் இறக்கி விடுவதுண்டு. அதைத் தவிர்க்க வேண்டும். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறி, இருபது வருடத்துக்கும் மேலான காலத்தின் பின் தம் வீடுகளைப் போய்ப் பார்த்தவர்களில் பலர், கூரையற்ற சுவர்களைப் பிளந்து ஆலும் அரசும் நிற்கக் கண்டனர். வெள்ளாலும் அதே இனம். பேராதனையின் மரத்தை நினைத்துக் கொள்ளுங்கள். வேர் அத்திவாரத்தையும் கிணற்றுக் கட்டையும் மலசலகூடக் குழியையும் தேடிப் போகும். கட்டடம், கிணறு, குழாய் ஆகியவற்றிலிருந்து குறைந்தது ஐம்பது அடி தள்ளி, மாடு கட்டவோ ஆட்கள் கூடவோ நிழல் வேண்டிய பொது இடத்தில் மட்டும் நடுங்கள்.

சாடியில் இருக்கும் வரை அது சொல் கேட்கும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, வேர் அடித்துளையால் எட்டிப் பார்க்கும் போது, மண் கட்டியோடு வெளியே எடுத்து, சுற்றிச் சுருண்ட வேர்களைக் கூரிய கத்தியால் இரண்டு அங்குலம் சுற்றிவர வெட்டி, புது மண் இட்டு அதே சாடியில் மறுபடி வைக்கலாம். வேரில் எடுத்த அளவுக்குத் தலையிலும் கிளை கழிக்க வேண்டும். அப்படிச் செய்தால் ஒரே மரத்தை ஆளுயரத்தில் பல வருடம் வைத்திருக்கலாம்.

வீட்டை விடச் சொல்லி வேறிடம் போக நேர்ந்தால், புறப்படுவதற்கு முதல் நாள் நன்றாகத் தண்ணீர் விட்டு, கிளைகளை மேல்நோக்கி அணைத்துப் பழைய சேலையால் சுற்றிக் கட்டுங்கள். லான்ட்மாஸ்ரர் பெட்டியில் சாடியைப் படுக்க வைத்து, இரு புறமும் சாக்கு அடையுங்கள். ஓடும்போது அடிக்கும் காற்றே இலையைக் கிழிப்பது; ஆகையால் தலைப்பக்கம் பின்னோக்கி இருக்கட்டும். போய்ச் சேர்ந்ததும் முன்பு இருந்த அளவு ஒளி உள்ள இடமாகப் பார்த்து வைத்துவிட்டு, ஆறு கிழமைக்கு அசைக்காதீர்கள்.